படிக்கு ஐம்பது சதம்

சம்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. சூடைக்குடாவில் மத்தளமலை இருக்கிறது. கடலோரத்துக் குன்று, மேலே குமரன் கோயில். ஏறத் தொடங்கி மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். மற்றபடி எங்கும் மணல், பனை, வயல். வடக்கே கொட்டியாரக் குடா, அதற்கு அப்பால் திருகோணமலைத் துறைமுகம். இப்படிக் கடல் மட்டத்திலேயே வாழ்கிற ஊரிலிருந்து சிலர் சேர்ந்து, 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு ஏறப் போகிறோம், அதைச் சொல்லிக் காசு சேர்க்கிறோம் என்றதும், நேர்த்திக்கடனாக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்படி நினைத்ததும் நியாயந்தான். ஒவ்வோர் ஆண்டும் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் திருகோணமலை தாண்டி, மூதூர் தாண்டி, வெருகல் முருகனிடம் போய்ச் சேர்வது எங்கள் பக்கத்தால்தான். அவர்களுக்குச் சோறும் மோரும் கொடுத்து, திண்ணையில் படுக்க இடம் விட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டால் பலர் வீட்டில் கிடக்கும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார்கள். நோய்க்காக நடப்பது இந்த மண்ணுக்குப் பழக்கம். ஊரார் நோய்க்காக நடப்பதும், நடப்பவர் கையில் கணக்குக் கொப்பி இருப்பதும்தான் புதுசு.

அந்தக் கொப்பியின் கணக்கு இதுதான். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் உச்சிவரை ஏறத்தாழ 5,500 படிகள் என்பார்கள். அந்த எண்ணையே எல்லோரும் ஒப்புக்கொண்டோம். படிக்கு ஒரு ரூபாய் என்று ஒருவர் பெயர் கொடுத்தால் 5,500 ரூபாய். ஐம்பது சதம் என்றால் 2,750. பத்துச் சதம் என்றால் 550. பத்துச் சதக் குற்றி இன்றைக்கு எந்தக் கடையிலும் செல்லாது. எங்கள் கொப்பியில் செல்லும் என்றோம். வான் கூலி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஏறுகிறவரின் சொந்தச் செலவு. சேர்த்த காசில் ஒரு சதமும் எங்கள் வயிற்றுக்குப் போகக்கூடாது என்பதைக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதினோம். வெளிநாடுகளில் பெரிய மலைகளுக்கு ஏறிப் பணம் திரட்டும் சில பயணங்களில், திரட்டியதில் நல்ல பங்கு விமானச் சீட்டுக்கும் வழிகாட்டிக்குமே போய்விடுகிறது. கொடுத்தவருக்குச் செய்கிற துரோகமாகவே அது எனக்குப் படுகிறது.

வீடு வீடாகப் போனபோது கடற்கரைச்சேனையில் ஒரு பெரியம்மா எங்களை முற்றத்தில் நிற்கவைத்துக் கேட்டார்.

“மலையில ஏறினாக் கான்சர் மாறுமா தம்பி?”

“மாறாது பெரியம்மா. மகரகமைக்குப் போக பஸ் காசு சேரும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப எழுது. படிக்கு ஐம்பது சதம்.”

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இந்தப் பயணம் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இலங்கையில் அரச ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. உலகத்தில் எத்தனையோ நாட்டு ஏழைகளுக்குக் கிடைக்காத பேறு அது. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ச் சேர்வதற்குக் காசு வேண்டும். மகரகமையில் இருக்கும் தேசிய புற்றுநோய் நிறுவனம், இன்று அபேக்ஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கப்படுவது, எங்கள் ஊரிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். கதிர் சிகிச்சை என்றால் ஒருநாள் வேலையல்ல. வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் தொடரும். ஒவ்வொரு தடவையும் ஒருசில நிமிடம். அந்த ஒருசில நிமிடத்துக்காக நோயாளியும் கூட ஒருவரும் வேற்றூரில் அறை எடுத்துத் தங்க வேண்டும். கூடப் போகிறவர் மீனவர் என்றால் தோணி கரையில் கிடக்கும். கூலிக்காரர் என்றால் அடுப்பு எரியாது. இரண்டாம் மாதம் கடன், மூன்றாம் மாதம் தாலிக்கொடி அடகு. நாலாவது கிளினிக்குக்குப் போகாமல் நின்றுவிடுகிறவர்களை நான் அறிவேன். நோய் முற்றித் திரும்பி வந்தவர்களையும் அறிவேன். மருந்து இலவசமாக இருந்தும் பஸ் காசு இல்லாமல் ஒருவர் செத்துப்போவதைப் பார்த்தால், அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியாது.

சம்பூரிடம் போய்க் காசு கேட்கலாமா என்று தயங்கியவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். 2006 ஏப்ரல் கடைசியில் குண்டுகள் விழத் தொடங்கியபோது எழுந்து ஓடிய ஊர் இது. வெருகல் தாண்டி, வாகரை தாண்டி, மட்டக்களப்பு முகாம்களில் கிடந்தது. பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது; பின்பு 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கும் கைத்தொழிலுக்கும் என்று காணிகள் ஒதுக்கப்பட்டன. 2015இல் 818 ஏக்கர் விடப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் 2016 மார்ச்சோடு வந்து சேர்ந்தது. நிலக்கரித் திட்டம் அதே ஆண்டு செப்டெம்பரில் கைவிடப்பட்டது. இப்போது அதன் பேச்சு போய், 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்ட சூரிய மின்நிலையத்தின் பேச்சு நடக்கிறது. பத்து ஆண்டுகள் நிவாரண அட்டையோடு அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்ற சனம். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்து அடையாளம் கண்ட சனம். இவர்களிடம் கொப்பியை நீட்டுவதா?

நீட்டித்தான் பார்த்தோம். கேட்ட வீட்டில் இல்லை என்ற சொல் அரிதாகவே வந்தது. ஏன் என்று பிறகு விளங்கியது. வாங்குகிற கையாகவே பத்து வருடம் பார்க்கப்பட்டவர்களுக்கு, நீங்களும் கொடுக்கக்கூடியவர்கள்தான் என்று யாராவது வந்து கேட்பதே ஒரு மரியாதை. கூனித்தீவில் ஒருவர் காசு கொடுத்துவிட்டுத் தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கினார். நிவாரணப் பதிவேட்டில் அவர் பெயரை எப்போதும் வேறு யாரோதான் எழுதியிருப்பார்கள்.

இந்த யோசனை எங்கள் மூளையில் தானாக முளைத்ததில்லை. 2011 ஜூலையில் தெற்குமுனையான தெவுந்தரையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் ஒரு கூட்டம் நடந்தது. ‘ட்ரெயில்’ என்று அதற்குப் பெயர். போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் முன்நின்று தொடங்கிய நடை அது. தெற்கிலிருந்து நடந்துவந்த அந்தப் பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்கு முன் வடக்கின் நோயாளிகளுக்கும் மகரகமைதான் கதி. 2016 ஒக்டோபரில் திசையை மாற்றி, பருத்தித்துறையிலிருந்து தெவுந்தரைக்கு நடந்தார்கள். இந்தத் தடவை காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. இலக்கு 50 இலட்சம் அமெரிக்க டொலர். கிரிக்கெட் வீரர் மகேல ஜயவர்தன அந்த முயற்சியின் முகமாக நின்றார். மூளைக் கட்டியால் பதினாறு வயதில் போன அவருடைய தம்பி திஷாலின் நினைவு அவரை இழுத்து வந்திருந்தது. முதல் தடவை தெற்கு நடந்து வடக்குக்குக் கொடுத்தது. மறுதடவை வடக்கிலிருந்து நடை புறப்பட்டது. இந்த நாட்டில் சமாதானத்தைப் பற்றி நடந்த மாநாடுகள் எத்தனையோ. இந்த இரண்டு நடைகள் போல் என் மனசைத் தொட்டது எதுவும் இல்லை.

எங்களோடு வந்த ஒரு தம்பி 2016இல் கிளிநொச்சிப் பக்கம் அந்த நடையில் ஒரு பகல் கலந்துகொண்டவர். வீதியோரத்தில் பாடசாலைப் பிள்ளைகள் உண்டியல் உடைத்த சில்லறையோடு நின்றதை அவர் சொல்லக் கேட்டுத்தான் எங்களுக்குத் துணிவு வந்தது. அதே 2016இல் கொழும்பில் எம்.எஸ்.எச். முகமது என்பவர், புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த தகப்பன், மகரகமைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கவென்று பொதுமக்களிடம் கேட்டு 20 கோடி ரூபாய்க்கும் மேல் சேர்த்தார். ஆயிரக்கணக்கானோர் சிறுசிறு தொகையாகக் கொடுத்த பணம். கடல் கடந்து பார்த்தால், 1954இல் சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையமும் இப்படித்தான். தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த துயரம் பல ஆண்டுகள் அவரை விடாமல் துரத்தி, ஊராரிடம் கையேந்த வைத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளின் அத்திவாரத்தில் இப்படி யாரோ ஒருவருடைய இழவு வீடு இருக்கிறது.

மாசி மாதத்தில் புறப்பட்டோம். மலைக்குக் காலம் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வெசாக்வரை; மற்ற மாதங்களில் மழையும் காற்றும், படியில் விளக்கும் இராது. வானை ஓட்டியவர் மூதூர்க்காரர். எங்களுக்கு அவர் நானா. அவர் அந்த மலையைப் பாவா ஆதம் மலை என்பார். நாங்கள் சிவனொளிபாதம் என்போம். வழியெல்லாம் சிங்களச் சனம் ஸ்ரீபாத என்றது. உச்சியில் இருக்கும் அந்தப் பாதச்சுவடு ஆதமுடையது என்று இபுனு பதூதா 1344இல் ஏறி வணங்கிவிட்டுப் போயிருக்கிறார். மூதூரில் நானாவின் மச்சான்மாரும் கொப்பியில் பெயர் கொடுத்திருந்தார்கள். யாருக்குக் கொடுப்பீர்கள் என்று நானா ஒருதடவை மட்டும் கேட்டார். “மூதூர்ப் பிரதேசத்தில கிளினிக் கொப்பி வைச்சிருக்கிற யாருக்கும்” என்றோம். அதன்பிறகு டீசலுக்கு மட்டும் காசு வாங்குவேன், ஓட்டுகிற கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது எல்லோருக்கும் பழைய காலம் ஞாபகம் வந்தது. 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் ஏறித்தான் அக்கரை. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்ச். நடுக்கடலில் பிரசவ வலி கண்ட கதைகள் எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒன்று உண்டு. எங்கள் கூட்டத்தில் வந்த அக்கா குடும்பநல மாதாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் ‘மிஸ்’. அப்படிப்பட்ட லோஞ்ச் பயணங்களில் கையில் பிள்ளையை ஏந்தியவர். அவரிடம் பாலத்தைப் பற்றிக் கேட்டால், “இதுதான் எங்கட முதல் ஆஸ்பத்திரி” என்பார்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை. வெயில் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டே வந்தது. கண்டி தாண்டிப் பேராதனையில் மகாவலியைக் கண்டோம். கம்பளை, நாவலப்பிட்டி என்று ஆறு கூடவே வந்தது. 335 கிலோமீற்றர் ஓடி, எங்கள் கொட்டியாரக் குடாவில் மூதூருக்கு அருகே கடலில் விழுகிற அதே ஆறு. சேறும் சகதியுமாய், அகலமாய், முதலை கிடக்கும் ஆறாகவே அதைக் கண்டு பழகிய பொடியன்கள், இங்கே கல்லில் மோதி நுரைத்து ஓடுவதைப் பார்த்து வானை நிறுத்தச் சொன்னார்கள். இறங்கிப் போய்க் கையை நனைத்துவிட்டு வந்தார்கள்.

ஹற்றன் தாண்டி மஸ்கெலியா. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வீதி வளைந்து போகிறது. அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில்களின் எச்சங்கள் வெளியே தெரியும். பார்க்கச் சனம் கூடும். எங்கள் வானில் பேச்சு நின்றுபோனது. ஒரு ஊர் இருந்த இடத்தை இன்னொரு தேவைக்கு எடுத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று விளக்கம் தேவைப்படாத ஆட்கள் நாங்கள்.

மஸ்கெலியாக் கடைத்தெருவில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தோட்டத்துப் பெண்கள் வெற்றிலைக் கடையில் நின்றார்கள். குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மிஸ் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவர்களிடம் போய்விட்டார். நாங்கள் நகரச் சொன்னாலும் கேட்கவில்லை. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு மார்பகம், ஆனால் வெற்றிலை போடுகிற பெண்ணின் வாயும் தப்புவதில்லை. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே அறிவித்துவிட்டது. 2016இல் அரசாங்கம் மாவா, பாபுல் போன்ற மெல்லும் புகையிலைப் பண்டங்களைத் தடை செய்தது. கடையில் தொங்கிய பைக்கற்றுகள் இறங்கின. வெற்றிலைத் தட்டு அப்படியே இருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவளும் எங்கள் வயலில் அறுவடைக்கு இறங்குபவளும், இரவு வலை இழுக்கிறவனும், சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் பதிலாக மெல்வது ஒன்றைத்தான். வெற்றிலையை விடு என்று சொல்வது சுலபம். அதற்குப் பதிலாக என்ன கொடுக்கிறோம்?

மிஸ் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, கையடக்கத் தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, உதட்டு மடிப்பு. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்போல் அகலத் திறக்க முடியாமை: இந்த நாலில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு பெண்ணின் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. எரிவான கறி சாப்பிட ஏலாது என்று அவளே சொன்னாள். மிஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமே பல் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நாங்கள் ஏறப் போனதற்கான வேலை மலையடிவாரத்துக் கடைத்தெருவிலேயே தொடங்கிவிட்டது என்று அப்போது எனக்குப் பட்டது.

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு நல்லதண்ணியிலிருந்து நடக்கத் தொடங்கினோம். காலம் என்பதால் வழியெல்லாம் மின்விளக்கு. தூரத்தில் வானத்துக்குள் விளக்குச் சரம் ஏறிப்போவது தெரிந்தது. அது நட்சத்திரம் இல்லை, நாங்கள் போகவேண்டிய வழி என்று விளங்கியதும் பொடியன்களுக்கே வாய் அடைத்துவிட்டது. ஜப்பானியத் துறவிகள் கட்டிய சமாதானத் தாதுகோபம் வெள்ளையாய் நின்றது. சீத கங்குலவில் ஓடும் தண்ணீரில் முகம் கழுவினோம். எலும்புக்குள் போகிற குளிர். அதற்கப்பால் இந்திகடுபானவில் முதல்முறை வருபவர்கள் ஊசியில் நூல் கோத்து நீட்டிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். வெள்ளை நூல் வழியோரமெங்கும் வலைபோல் படர்ந்திருந்தது.

இறங்கிவருகிற சிங்களக் கிழவிகள் ஏறுகிறவர்களைப் பார்த்து “கருணாவாய்” என்று வாழ்த்திக்கொண்டு போனார்கள். எழுபது எண்பது வயது இருக்கும். வெறுங்கால். இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களைக் கண்டபிறகு கால் வலிக்கிறது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர். டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் வந்தார். கிளிவெட்டி முகாமில் இருந்தபோது கட்டியைக் கண்டும், பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவது என்று பல மாதம் மறைத்தவர். ஒவ்வொரு இருபது படிக்கும் நின்று, மூச்செடுத்து, மறுபடி ஏறினார். கைப்பிடிக் கம்பிகள் தொடங்கும் செங்குத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார். “எனக்கு இவ்வளவும் காணும். நீங்க போங்க.” யாரும் வற்புறுத்தவில்லை. மிஸ் அவரோடு தங்கினார்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து மேலே ஏறும்போது எனக்கு டெரி ஃபொக்ஸ் நினைவு வந்தது. கனடாப் பொடியன். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டது. செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே ஓடிக் கடந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஆளுக்கு ஒரு டொலர் சேர்ப்பேன் என்று 1980 ஏப்ரல் 12இல் கிழக்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்டார். 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். செப்டெம்பர் முதலாம் திகதி தண்டர் பேக்கு அருகே நோய் நெஞ்சுக்கு வந்துவிட்டதால் நிறுத்தினார். மறு ஆண்டு ஜூனில் இருபத்திரண்டு வயதில் போய்விட்டார். நாட்டை முழுதாகக் கடக்காத ஓட்டம் என்று ஒருவரும் அதைச் சொல்வதில்லை. அவர் கேட்ட டொலர்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்துவிட்டன. இன்று ரொறன்ரோவில் எங்கள் சனத்தின் பிள்ளைகளும் பாடசாலைகளில் அவர் பெயரில் ஓடுகிறார்கள். 1995இல் ஆர்ஜெண்டினாவின் அக்கொன்காகுவாவுக்கு, 6,961 மீற்றர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பதினேழு பெண்கள் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டப் போனார்கள். லோரா எவன்ஸ் என்ற பெண் கூட்டிப்போன பயணம். அவர்களிலும் எல்லோரும் உச்சியைத் தொடவில்லை. ஆளுக்கு ஆள் உடம்பு விட்ட இடம்வரை போனார்கள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சாரம் கட்டி, மேலே இரண்டு சட்டை போட்டு வந்த கடற்கரைப் பொடியன்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள். பாதம் வணங்கினோம். அங்கே ஒரு மணி. எத்தனை தடவை மலைக்கு வந்தோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். எல்லோருக்கும் முதல் தடவை, ஆளுக்கு ஒன்று. நானா தன் முறைக்குத் தொழுகை முடித்துவிட்டு வந்து அடித்தார். கிழக்கே வெளுத்தது. சூரியன் வந்ததும் மலையின் நிழல் மறுபக்கத்துப் பஞ்சுமூட்டத்தின்மேல் கூர்மையான முக்கோணமாய் விழுந்தது. பொடியன் ஒருவன் எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டான். வடகிழக்கைக் காட்டினேன். அடுக்கடுக்காய் மலைதான் தெரிந்தது. ஆனாலும் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகாமில் பிறந்து, முகாமில் பள்ளிக்கூடம் போய், பத்து வயதில்தான் தன் ஊரை முதன்முதலில் கண்டவன் அவன்.

இறங்குவதுதான் பெரும்பாடு. முழங்கால் நடுங்கும், படி கண்ணுக்குக் குழம்பும். தேத்தண்ணிக் கடையில் அக்காவும் மிஸ்ஸும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மடியில் கொப்பி. தான் ஏறிய படிகளை அவர் உண்மையாகவே எண்ணியிருந்தார். தன் பெயரில் காசு எழுதியவர்களிடம் அந்தப் படிகளுக்கு மட்டுந்தான் வாங்க வேண்டும், 5,500க்கும் வாங்கினால் பொய்க் கணக்கு என்று நின்றார். வான் ஹற்றன் வரும்வரை இதே வழக்கு. பொடியன்கள் முழுசாய் வாங்கலாம் என்றார்கள். நானா மார்க்கச் சட்டமெல்லாம் எடுத்துச் சொல்லி, கொடுப்பவன் மனமிருந்தால் கூடக் கொடுக்கலாம், கேட்பவன் கூடக் கேட்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியே செய்தோம். அக்கா வீடு வீடாகப் போய்த் தன் கணக்கைச் சொன்னார், கொடுத்ததை வாங்கினார்.

ஊருக்கு வந்து கொப்பியை மூடுமுன் பத்திரகாளி அம்மன் கோயில் முன்றலில் எல்லோரையும் கூட்டி வரவையும் செலவையும் வாசித்தோம். வாங்குகிறவர் பெயரை வாசிக்கவில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்பது மிஸ்ஸுக்கும் கொப்பி வைத்திருப்பவருக்கும் மட்டுமே தெரியும்; நிவாரண வரிசையில் பெயர் கூப்பிட்டதைப் பத்து வருடம் கேட்ட ஊரில் இன்னொரு தடவை அது வேண்டாம். பஸ் காசு, கூடப் போகிறவருக்குச் சாப்பாடு, தங்குமிட வாடகை: இந்த மூன்றுக்கும்தான் என்று முடிவு. மாதாமாதம் கிளினிக் கொப்பியில் திகதியைப் பார்த்து, முதல் நாளே வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது. நோயாளி வந்து கேட்க வேண்டியதில்லை.

மிஸ் ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டார். மொத்தத்தில் ஒரு பங்கை வைத்து, பல் வைத்தியர் ஒருவரை அழைத்து, ஊர் மண்டபத்தில் வாய் பார்க்கும் நாள் ஒன்று நடத்த வேண்டும். நல்ல வெளிச்சமுள்ள விளக்கு, கையுறை, நாக்கை அமர்த்தும் தட்டைக்குச்சி, பெரிய செலவில்லை. சிலருக்கு விருப்பமில்லை. பஸ் காசுக்கென்று வாங்கியதை வேறொன்றுக்கு எடுப்பது சரியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூன்று கூட்டம் பேசினோம். கடைசியில், கொடுத்தவர்களிடமே திரும்பப் போய்க் கேட்பது என்று ஒத்துக்கொண்டோம். இந்தக் கட்டுரையை எழுதும்போது பொடியன்கள் அந்தக் கொப்பியோடு கூனித்தீவு முடித்து, நவரத்தினபுரத்தில் நிற்கிறார்கள்.